நாற்பத்தாறாவது கேள்வி

2022 அக்டோபரில் அப்பாவின் வாழ்க்கைத் தரத்துக்கு நூற்றுக்கு 83 என்று ஒரு மதிப்பெண் வந்தது. புற்றுநோய்க்காக இரைப்பை முழுவதையும் எடுத்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்த அதே மருத்துவமனையில் ஓ.பி. டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு தம்பி வந்து பின் அடித்த நாலைந்து தாள்களைக் கொடுத்து, "ஆராய்ச்சிக்காகங்க, இஷ்டம் இருந்தா நிரப்பிக் குடுங்க" என்றார். அப்பாவின் கண்ணாடி கோவில்பட்டியில் கடைக் கல்லாவின் மேலேயே கிடந்தது. அதனால் நான் வாசித்தேன், அப்பா பதில் சொன்னார், நான் வட்டம் போட்டேன். அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான், நடுவில் அவர். எங்கள் டோக்கன் 41. உள்ளே 34 போயிருந்தது. எப்போது கூப்பிடுவார்களோ என்று ஒரு காதைக் கதவில் வைத்துக்கொண்டே 52 கேள்விகளையும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டோம்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எதற்காவது மார்க் போடுகிறார்கள் என்றால் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்காமல் விடமாட்டேன். தாள்களைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். கணக்கிடும் முறை எளிதுதான். முதல் 28 கேள்விகளுக்கு இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு அதிகம், மிக அதிகம் என்ற பொருளில் நான்கு கட்டங்கள். 29உம் 30உம் மட்டும் வேறு மாதிரி. போன வாரம் உங்கள் உடல்நிலை மொத்தத்தில் எப்படி, வாழ்க்கைத் தரம் மொத்தத்தில் எப்படி என்று கேட்டு, 1 முதல் 7 வரை ஒரு எண்ணைச் சொல்லச் சொல்கிறது. அப்பா இரண்டுக்கும் 6 என்றார். ஆறிலிருந்து ஒன்றைக் கழித்து, ஆறால் வகுத்து, நூறால் பெருக்கினால் 83.3. என் வகுப்பில் இந்த மார்க் எடுக்கிற பிள்ளையைப் பற்றி நான் கவலைப்படவே மாட்டேன்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போதே அந்த எண் என்னை உறுத்த ஆரம்பித்தது, இன்று வரை முழுதாக விடவில்லை. ஏனென்றால் அந்த 83க்குப் பின்னால் இருந்த வீடு எனக்குத் தெரியும். காலை ஆறரைக்கு அரை இட்லி. எட்டரைக்கு இன்னொரு அரை, ஒரு முட்டை. பத்தரைக்குக் குழைய வடித்த சோறும் தயிரும், ஒரு கரண்டி. இப்படி ராத்திரி ஒன்பது வரை இரண்டு மணிக்கு ஒரு தரம் அம்மாவின் போனில் அலாரம் அடிக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். அதனால் கையைக் குழித்து ரசம் வாங்கிக் குடிப்பதும் போயிற்று. கடைசிச் சோற்றுக்கு முன்னால் அந்த ஒரு கை ரசம் இல்லாமல் அப்பா இலையை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. 68 கிலோ இருந்தவர் 56க்கு வந்திருந்தார். வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்திருந்தார்.

டம்பிங் என்ற சொல்லை அந்த வருஷம்தான் கற்றுக்கொண்டோம். இரைப்பை என்பது ஒரு கிட்டங்கி மாதிரி. வந்த சரக்கை இறக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பும். அதை எடுத்துவிட்டு உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு தைத்துவிட்டால், விழுங்கியது எல்லாம் மொத்தமாகக் குடலில் போய் விழுகிறது. இனிப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அது உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்ள, பதினைந்து இருபது நிமிஷத்தில் வேர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றிப் படுக்கப் போட்டுவிடும். இன்னொரு வகை ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வரும். ஒரேயடியாக ஏறின சர்க்கரையைப் பார்த்துவிட்டு உடம்பு இன்சுலினை வாரிக் கொட்ட, சர்க்கரை தடாலென்று இறங்கிக் கை நடுங்கும். அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குக் கடையில் படைத்த கேசரியை அப்பா ரெண்டு விரல் எடுத்து வாயில் போட்டார். கல்லாவிலேயே தலை சாய்ந்துவிட்டார். கடைப் பையன்தான் அரிசி மூட்டை மேல் படுக்க வைத்து விசிறியிருக்கிறான். அது நடந்தது படிவம் நிரப்புவதற்குச் சரியாகப் பத்து நாள் முன்னால். படிவம் கேட்டதோ கடந்த ஏழு நாள். கேசரி கணக்கில் வரவில்லை. ஏழு நாளுக்குள் நடந்திருந்தாலும் அதை எழுத அதில் கட்டம் இல்லை. 52 கேள்விகளில் ஒன்றுகூட டம்பிங்கை நேராகக் கேட்கவில்லை.

யார் போடும் மார்க்

இந்தப் படிவத்தைக் குறை சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது நியாயமில்லை என்று தோன்றியது, ஏனென்றால் இது வருவதற்கு முன்னால் இருந்தது இன்னும் மோசம். 1881இல் வியன்னாவில் பில்ரோத் என்ற சர்ஜன் 43 வயதுப் பெண் ஒருவரின் இரைப்பையில் புற்று இருந்த பகுதியை வெட்டியெடுத்தார். அந்தப் பெண் நான்கு மாதம் போல வாழ்ந்தார். 1897இல் சூரிச்சில் ஷ்லாட்டர் என்பவர் முழு இரைப்பையையும் எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். அந்த அம்மாள் ஒரு வருஷத்துக்கும் சற்று மேல் இருந்தார். பிழைத்தாரா, எத்தனை நாள் என்பதுதான் அப்போதெல்லாம் கேள்வி. எப்படி இருந்தார் என்று கேட்க ஆரம்பித்ததே வெகு காலம் கழித்துத்தான். இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் விஸிக் என்ற சர்ஜன் 1948இல், அல்சருக்காக இரைப்பையை வெட்டியவர்களை நான்கு தரமாகப் பிரித்தார். கிட்டத்தட்ட அதே சமயம் அமெரிக்காவில் கார்னாஃப்ஸ்கி, நோயாளியால் அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது என்பதற்குப் பூஜ்யம் முதல் நூறு வரை ஒரு அளவு கொண்டுவந்தார். இரண்டிலும் மார்க் போடுவது டாக்டர். வெட்டினவரே வெட்டுப்பட்டவர் எப்படி இருக்கிறார் என்றும் சொல்லிவிடுவார்.

அந்தப் பேனாவை நோயாளியின் கையில் கொடுத்ததுதான் எங்கள் கைக்கு வந்த படிவம் செய்த பெரிய காரியம். ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று தயாரித்து 1993இல் வெளியிட்டது. சி30 என்பார்கள், எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான 30 கேள்விகள். அதோடு இரைப்பைக்கென்று எஸ்டிஓ22 என்ற 22 கேள்விகளை ஒட்டிக் கொடுப்பார்கள். ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய், இரைப்பையை எடுத்தவர்களுக்காகவே 45 கேள்விகளில் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள், அதில் டம்பிங்குக்குத் தனி இடம் உண்டு. அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஜப்பானிலும் கொரியாவிலும் அரசே பரிசோதனை செய்து நோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறது. இரைப்பை இல்லாமல் இருபது முப்பது வருஷம் வாழ்கிறவர்கள் அங்கே ஏராளம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் இரைப்பையும் ஒன்று என்பது பல வருஷத்துச் சேதி, ஆனால் இங்கே பெரும்பாலும் முற்றிப்போய்த்தான் தெரிய வருகிறது. அப்பாவும் ஏழு மாதம் கேஸ் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எண்டோஸ்கோப்பிக்குப் போனார்.

பேனா நோயாளியிடம் வந்துவிட்டது சரி. எங்கள் விஷயத்தில் அது என் கையில் இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தார். 5ஆவது கேள்வி, சாப்பிட, உடுத்த, குளிக்க, கழிப்பறை போக உதவி தேவைப்படுகிறதா என்று கேட்கும். அப்பா யோசிக்கவே இல்லை, "அதெல்லாம் இல்ல" என்றார். இரண்டு மணிக்கொரு அலாரத்துக்கு எழுந்து குழையக் குழையப் பிசைந்து கொடுக்கிற மனுஷி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அப்பா பொய் சொல்லவில்லை. மனைவி சோறு போடுவது அவர் அகராதியில் உதவி இல்லை, அது உலக நடப்பு. அம்மாவும் மறுக்கவில்லை. நானும் வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அப்பாவின் 83க்குள் அம்மாவின் தூக்கம் எத்தனை மணி நேரம் கரைந்திருக்கிறது என்று அந்தப் படிவத்தில் எங்கேயும் தெரியாது.

46ஆவது கேள்வி, மற்றவர்கள் முன்னால் சாப்பிடுவதில் சிரமம் இருந்ததா என்பது. அப்பா "இல்ல" என்றார். முதல் கட்டம். அதையும் நான் யோசிக்காமல்தான் போட்டேன்.

பந்தி

அடுத்த தை மாதம் அத்தை மகளுக்குக் கல்யாணம். அப்பா தாய்மாமன். சீர்த்தட்டுகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போய் இறக்கி, பெண்ணுக்கு மாலை போட்டு, எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தார். முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு அழைக்கும்போது ஆளைக் காணவில்லை. மாமா மண்டபம் முழுக்கத் தேடுகிறார். தாய்மாமன் உட்காராமல் முதல் பந்தியா என்று சம்பந்தி வீட்டில் கேட்கிறார்கள். போன் அடித்தால், "கடைக்குச் சரக்கு வருது, லாரி நிக்கிது, நான் கிளம்பிட்டேன்" என்கிறார். முகூர்த்த நாளில் எந்த லாரி? அத்தை அன்று மணவறைக்குப் பின்னால் நின்று அழுதது கல்யாணப் பெண்ணுக்காக இல்லை. அண்ணனுக்கு ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துவிட்டார். அந்தப் பேச்சு மூன்று மாதம் ஓடியது. நாங்களும் அப்பாவிடம் கோபமாகத்தான் இருந்தோம்.

ஒரு வருஷச் செக்கப்புக்கு 2023 ஏப்ரலில் போனபோது மறுபடி அதே படிவம். இந்த முறை கொண்டுவந்தது ஒரு நர்ஸ். நான் கையை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் கீழ போய் டீ சாப்பிட்டு வாங்கக்கா, ஐயாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று எங்களைக் கிளப்பிவிட்டார். டீ குடித்து, அம்மாவுக்கு மாத்திரை வாங்கி, மேலே வந்தும் கதவு திறக்கவில்லை. முக்கால் மணி நேரம். பிறகு அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவரிடம் கேட்டுவிட்டு அந்தத் தாள்களைப் பார்த்தேன். 46இல் நான்காவது கட்டம்.

என்ன நடந்தது என்பதை அந்த நர்ஸ் பின்னால் ஒரு நாள் சொன்னார். அப்பா முதலில் "இல்ல" என்றுதான் சொன்னாராம். "இந்த வாரம் வெளியில எங்கயாவது சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. "போன வாரம்?" இல்லை. "ஏன்?" அவ்வளவுதான். அந்த 'ஏன்'னுக்குத்தான் முக்கால் மணி நேரம் பிடித்திருக்கிறது.

பந்தியில் உட்கார்ந்தால் இலை நிறைய வைத்துவிடுவார்கள். அப்பாவால் நாலு வாய்தான் முடியும், அதையும் மென்று விழுங்க இருபது நிமிஷம். பக்கத்தில் இருப்பவர்கள் பாயசத்துக்கு வந்திருப்பார்கள், இவர் இன்னும் முதல் பிடியில் இருப்பார். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அதன் முதுகைப் பிடித்தபடி நிற்பார்கள். அந்தக் கை தன் தோள்பட்டையில் உரசும் என்று அப்பா சொன்னாராம். வரிசையே எழுந்திருக்கக் காத்திருக்கும். நடுவில் வயிறு கடமுடவென்று சத்தம் போடும், ஏப்பம் வரும், சில சமயம் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, முக்கால் இலைச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் அரிசி வியாபாரம் செய்தவர் அவர். கடையில் சிந்தின அரிசியைக் குனிந்து பொறுக்கி, புடைத்துப் புறாவுக்குப் போடுகிறவர். அவர் தன் தங்கை மகள் கல்யாணத்தில் சோற்றை மூடி வைப்பதா? அதற்கு இல்லாத லாரியைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஆக, முதல் முறை அவர் சொன்ன "இல்ல"வும் உண்மைதான். யார் முன்னாலும் சாப்பிடாதவருக்கு, மற்றவர் முன் சாப்பிடுவதில் என்ன சிரமம் இருக்க முடியும்? ஆறே மாதத்தில் தன் வாழ்க்கையைச் சிரமம் வராத அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொண்டிருந்தார். படிவம் அந்தச் சுருக்கத்தைச் சுகம் என்று எண்ணிக்கொண்டது. நானும் அப்படித்தான் எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், பழக்கம் விடவில்லை. 41, 42, 43, 46 ஆகிய நான்கையும் சேர்த்து, உணவுக் கட்டுப்பாடு என்று ஒரு மார்க் எடுப்பார்கள். இதில் எண் ஏறினால் சிரமம் ஏறுகிறது என்று அர்த்தம். முதல் முறை 2, 2, 3, 1. சராசரி 2. நான்கு கட்டக் கேள்வி என்பதால் ஒன்றைக் கழித்து, மூன்றால் வகுத்து, நூறால் பெருக்கினால் 33. இரண்டாவது முறை 3, 2, 3, 4. சராசரி 3, அதாவது 67. இப்படிப்பட்ட மார்க்குகளில் 10 புள்ளி மாறினாலே கவனிக்க வேண்டிய மாற்றம் என்பார்கள். இங்கே 33 புள்ளிக்கும் மேல். தாளை மட்டும் பார்க்கிறவருக்கு, ஆறு மாதத்தில் இந்த மனுஷன் நிலைமை மோசமாகிவிட்டது. நிஜத்தில் அப்பா ரெண்டு கிலோ ஏறியிருந்தார், அரை இட்லி ஒன்றாகியிருந்தது, டம்பிங் குறைந்திருந்தது. கேட்ட விதம் மட்டும்தான் மாறியிருந்தது.

ஆராய்ச்சி நெறிப்படி அந்த நர்ஸ் செய்தது தப்பு என்பது எனக்குத் தெரியும். நோயாளி தானே படித்து, தானே நிரப்ப வேண்டிய படிவம் அது. ஒருவர் குடைந்து கேட்டு, இன்னொருவர் கேட்காமல் விட்டால் ஐந்நூறு பேரின் விடைகளை ஒப்பிட முடியாது. முழு இரைப்பையை எடுத்தவர்களையும் பாதியை எடுத்தவர்களையும் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் எல்லோரையும் ஒரே மாதிரிதான் கேட்க வேண்டும். கணக்கு டீச்சராக அதை ஒத்துக்கொள்கிறேன். மகளாக என்னால் முடியவில்லை. இரண்டையும் செய்யலாமே என்றுதான் தோன்றுகிறது: படிவத்தை அவரே நிரப்பட்டும், நிரப்பி முடித்த பிறகு ஒருவர் உட்கார்ந்து, "இல்லை என்று போட்டிருக்கிறீர்களே, ஏன் இல்லை" என்று கேட்கட்டும். நமது ஓ.பி.யில் "எப்படி இருக்கீங்க", "நல்லா இருக்கேங்க" என்ற இரண்டு வரியில் முடிந்துபோகிற சங்கதிக்கு 52 கேள்வி கிடைத்திருப்பதே பெரிது. அதை ஆராய்ச்சிக் கோப்பில் போட்டு மூடாமல் அன்றைக்கே டாக்டரின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தரம் கேட்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு யாரும் கேட்கவில்லை. எதிலிருந்து எவ்வளவு இறங்கினார் என்று சொல்ல எங்களிடம் எண் இல்லை, அந்த ஒரு கை ரசம்தான் இருக்கிறது.

அந்த ஆறு

இவ்வளவு சொல்லியும் 29க்கும் 30க்கும் அப்பா இரண்டாவது முறையும் 6 என்றே போட்டிருந்தார். ஒரு நாள் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன். "ஏழு போடக் கூடாது பாப்பா, கண்ணு பட்டுரும்" என்றார். சரி, ஐந்து? "அப்படிக் கொறச்சலா நம்ம வாயால சொல்லலாமா?" கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சங்கரன்கோவில்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன். அவர் தீபாவளிக்கு முன்னாலேயே போய்விட்டார். அப்பாவின் ஆறு அவரை வைத்து அளந்த ஆறு. நோய்க்குப் பிறகு மனிதர்கள் தங்கள் அளவுகோலையே மாற்றிக்கொள்கிறார்கள் என்று ஸ்பிரேஞ்சர்ஸ், ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு பெண்கள் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பழைய வாழ்க்கையோடு ஒப்பிட்டால் 3. செத்துப்போயிருக்கலாமே என்று நினைத்துப் பார்த்தால் 6. இரண்டில் எது பிழை என்று நான் யார் சொல்ல? அந்தச் சங்கரன்கோவில்காரருக்கு இந்தப் படிவமே வந்து சேரவில்லை என்பதையும் நினைத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துச் சராசரி, ஒரு வருஷத்துச் சராசரி என்று நாம் படிப்பதெல்லாம் அதுவரை இருந்து, ஓ.பி. வரை நடந்தும் வந்தவர்களின் சராசரிதான்.

அந்த நர்ஸ் கடைசியாக ஒரு வேலை வைத்துவிட்டுப் போனார். "கடையில கணக்கு எழுதுவீங்கல்லய்யா, அதே மாதிரி இதையும் எழுதுங்க" என்றாராம். அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பித்தார். பேரேடு எழுதும் அதே சின்னச் சின்ன எழுத்து. இடப்பக்கம் நேரமும் சாப்பிட்டதும், வலப்பக்கம் உடம்பு என்ன செய்தது என்பதும். '10.30 பருப்புச் சோறு 1 கரண்டி — வேர்வை இல்லை.' '4.15 காப்பி சீனி போட்டு, அரை டம்ளர் — படபடப்பு, 20 நிமிஷம் படுத்தேன். இனி வேண்டாம்.' மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பி12 வைட்டமின் ஊசி போட்ட தேதிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. வலி என்ற சொல் அரிதாகத்தான் வருகிறது. 'மனசு' என்று ஒரே ஒரு இடத்தில் எழுதி அடித்திருக்கிறார், என்ன என்று நான் கேட்கவில்லை. இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. செக்கப்புக்குப் போகும்போது டாக்டர் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்க்கிறார்.

2024 ஆவணியில் அதே அத்தை மகளுக்கு வளைகாப்பு. அதற்குள் அத்தைக்கு விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. நான்தான் சொன்னேன். அன்றைய பக்கத்தை அப்பா இல்லாத நேரத்தில் பார்த்தேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

'12.40 தங்கச்சி வீட்டில் கடைசிப் பந்தி. சின்ன இலை. தயிர்சாதம் 5 வாய், அவியல் கொஞ்சம். 25 நிமிஷம். மச்சான் கூடவே உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரும் நிக்கலை. மிச்சம் இல்லை. ராத்திரி ஏப்பம் ஜாஸ்தி.'